முதல் மெஷின் வாங்கும் முன் கயிற்றை வாங்குங்கள்

கோனாபட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நான்கு பேராகத் தைலமரக் கூப்பில் (வெட்டுக்கு விட்ட மரக்காட்டில்) இரண்டு வருடம் அறுப்பு வேலை பார்த்தவர்கள், இனி வீடு, தோட்டங்களில் மரம் கழிக்கும் வேலையைச் சொந்தமாக எடுத்துச் செய்யப் போகிறார்கள். கையில் ஒரு லட்ச ரூபாய் இருக்கிறது. பெரிய செயின்ஷா ஒன்று, சின்னது ஒன்று வாங்கிக்கொண்டு மீதிக்கு பெல்ட்டும் கயிறும் வாங்கலாமா, எந்த மெஷின் நல்லது, எப்படிப் பராமரிப்பது என்பது கேள்வி. கடைசியில் இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: ஓர் ஆச்சி தம் வீட்டுப் பின்கட்டில் ஓட்டின் மேல் படர்ந்திருக்கும் புளியங்கொம்பை ஐப்பசி மழைக்கு முன் இறக்கித் தரச் சொல்கிறார்கள், ஒப்புக்கொள்ளலாமா?

தம்பி, இரண்டு மெஷின் வேண்டாம். நடுத்தரமாக ஒன்று போதும். அந்த ஒரு லட்சத்தில் பாதிக்கு மேல் கயிறு, ஏறுபெல்ட், தலைக்கவசம், செயின் தடுப்புக் கால்சட்டை இவற்றுக்குப் போகட்டும். 24 வருடமாகக் காரைக்குடியைச் சுற்றி இதே வேலையைச் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கூப்பு வேலைக்கும் வீட்டு வேலைக்கும் உள்ள தூரம் பெரிது. கூப்பில் நீங்கள் தரையில் நிற்கிறீர்கள், மரம் வெட்டவெளியில் விழுகிறது. நம் காரைக்குடிப் பக்க வீடுகள் ஒரு தெருவில் வாசல் வைத்து அடுத்த தெருவில் கொல்லை முடிகிறவை. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நீண்டுகொண்டே போகும் வீட்டின் நடுவே ஒரு வேம்பு ஓட்டின் மேல் சாய்ந்தால் கிரேன் அங்கே எட்டாது. அடுக்கடுக்காகப் பாவிய நாட்டு ஓடு உடைந்தால் அதே ஓடும் கிடைப்பதில்லை, அதைப் பாவத் தெரிந்த கொத்தனாரும் எளிதில் கிடைப்பதில்லை. அதனால் ஒவ்வொரு கொம்பையும் மேலேயே துண்டாக்கிக் கயிற்றில் கட்டித்தான் இறக்க வேண்டும். அறுப்பது அந்த வேலையில் சிறு பங்கு. ஏறுவதும், நிலையாக நிற்பதும், கட்டி இறக்குவதும்தான் மீதி.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்த பிறகு புதுக்கோட்டைப் பக்கம் கொஞ்ச நாள் வேலை பார்த்தோம். கையில் மெஷின் வைத்திருந்த எவருக்கும் ஓய்வில்லாத நாட்கள் அவை. என்னோடு வந்த ஒருவர் இடுப்பில் மஞ்சள் பிளாஸ்டிக் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஒடிந்து தொங்கிய மாங்கொம்பை அறுத்துக்கொண்டிருந்தார். கொம்பு விட்டதும் கை ஓர் அடி நகர்ந்தது. ஓடிக்கொண்டிருந்த செயின் கயிற்றைத் தொட்டது. அவ்வளவுதான். பதினைந்து அடியிலிருந்து விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அதன் பிறகு அவர் மரம் ஏறவில்லை. மெஷின் புதியது, நல்லது. கயிறு முன்னூறு ரூபாய். அந்தக் கணக்கை நான் இன்று வரை மறக்கவில்லை. கயிற்றை முதலில் வாங்கச் சொல்வது அதனால்தான்.

கயிறு என்று கேட்டால் ஹார்டுவேர் கடையில் நைலான் கயிற்றைக் காட்டுவார்கள். அது மாடு கட்டவும் லாரியில் பாரம் கட்டவும் ஆனது. உங்களுக்கு வேண்டியது உள்ளே இழைக்கரு, மேலே பின்னிய உறை என்று இரண்டு அடுக்காக இருக்கும் ஏறுகயிறு. அதன் நுனியில் இஎன் 1891, ஏ வகை என்று அச்சிட்டிருக்கும். 11 முதல் 13 மி.மீ. வரை தடிமன் எடுங்கள். கை முழுக்கப் பிடித்து வேலை செய்வதால் மெல்லியது விரலை வெட்டும். அந்தத் தரத்தில் உள்ள கயிறு குறைந்தது 22 கிலோ நியூட்டன் தாங்க வேண்டும், நம் கணக்கில் 2,200 கிலோவுக்கு மேல். மலையேறுபவர்களின் இழுபடும் கயிற்றை வாங்கிவிடாதீர்கள். அது விழுபவரை மெல்லப் பிடிக்க நீள்வதற்காகச் செய்தது, அதில் தொங்கி வேலை செய்தால் ஊஞ்சலாடிக்கொண்டே இருப்பீர்கள். கவையில், அதாவது கிளை பிரியும் இடத்தில், போட்டு இரட்டையாக வருவதால், மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் நீளம் வேண்டும். நம் பக்கத்து மரங்களுக்கு 45 மீட்டர் பெரும்பாலும் போதும்.

கயிற்றைக் கொல்வது பாரத்தை விட உராய்வுச் சூடு. பிளாஸ்டிக் கயிற்றின் இழை சுமார் 165 டிகிரியில் உருகிவிடும். நைலான் 220-ஐ ஒட்டியும், பாலியெஸ்டர் 250-ஐ ஒட்டியும்தான் உருகும். ஓடும் கயிற்றில் நகர்ந்து பிடிக்கிற புரூசிக் முடிச்சோ பிளேக் முடிச்சோ போடுவீர்கள் அல்லவா, வேகமாகச் சறுக்கி இறங்கினால் அந்த முடிச்சு பளபளவென்று கண்ணாடி போல் இறுகிவிடும். அப்படி மின்னினால் அந்த முடிச்சுக் கயிறு முடிந்தது, மாற்றிவிடுங்கள். அதற்கென்று சூடு தாங்கும் 8 அல்லது 10 மி.மீ. துண்டுக் கயிறு தனியாக விற்கிறார்கள். அதையே வாங்குங்கள்.

பெல்ட்டைப் பற்றி. கட்டட வேலைக்காரர்கள் போடும் ஐஎஸ் 3521 முத்திரையுள்ள முழு உடல் பெல்ட் விலை குறைவாகக் கிடைக்கும். அது நல்ல பொருள்தான், ஆனால் அதன் வேலை வேறு. முதுகில் இருக்கும் வளையம் விழுகிறவரைப் பிடித்து நிறுத்துவதற்கு. அதில் தொங்கிக்கொண்டு மரம் அறுக்க முடியாது, உடம்பு முன்னால் கவிழும். வெறும் இடுப்புப் பட்டை அதைவிட மோசம், விழுந்தால் விலாவையும் குடலையும் அதுவே நசுக்கும். மரவேலைக்கு உட்காரும் பெல்ட் வேண்டும். இரு தொடைக்கும் அகலப் பட்டை, இடுப்பில் இரு பக்கமும் வளையம், முன்னால் கயிறு கோக்கும் பாலம். இஎன் 813, இஎன் 358 இரண்டும் அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கடையிலேயே மாட்டி, ஒரு கொக்கியில் கால் மணி நேரம் தொங்கிப் பாருங்கள். தொடை மரத்துப் போகிற பெல்ட் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

இதோடு இடுப்பிலிருந்து மரத்தைச் சுற்றிக் கட்டும் குட்டைக் கயிறு ஒன்று. உள்ளே இரும்புக் கம்பி ஓடுகிற வகையாக அது இருக்கட்டும். செயின் பட்டால் அதையும் அறுக்கும், ஆனால் சாதாரணக் கயிற்றைப் போல் ஒரு கணத்தில் போகாது. மெஷினைக் கிளப்பும்போது உடம்பு இரண்டு கட்டில் இருக்க வேண்டும்: ஏறுகயிறு ஒன்று, இந்தக் குட்டைக் கயிறு ஒன்று. ஒன்று அறுந்தாலும் இன்னொன்றில் நிற்பீர்கள். கஜா நாட்களில் எங்களிடம் இல்லாதது அந்த இரண்டாவது கட்டுத்தான். கொக்கிகள் மூன்று அசைவில் திறந்து தானாகப் பூட்டிக்கொள்கிறவையாக இருக்கட்டும். திருகுக் கொக்கி கிளையில் உரசி உரசித் தானே திறந்துகொண்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஏறுகயிற்றால் கொம்பை இறக்காதீர்கள், ஒரு தடவைகூட. இறக்குகயிறு வேறு நிறத்தில் தனியாக இருக்கட்டும். வீடு திரும்பியதும் ஏறுகயிற்றை உள்ளங்கையில் விட்டு அடி அடியாக உருவிப் பாருங்கள். எங்காவது தட்டையாகவோ, முண்டாகவோ, விறைப்பாகவோ இருந்தால் உள்ளே கரு நைந்திருக்கிறது. அந்த இடத்தோடு வெட்டிவிட வேண்டும். அழுக்கானால் வெறும் தண்ணீர், மென்மையான சோப்பு, நிழலில் உலர்த்தல். வெயிலில் போட்டால் இழை உயிர் போய்விடும். உபயோகமே இல்லாமல் வைத்திருந்தாலும் தயாரித்த தேதியிலிருந்து பத்து வருடத்துக்கு மேல் எந்தத் துணிப்பொருளையும் நம்பாதீர்கள். நம்மவர்கள் கயிறு, பெட்ரோல் கேன், மெஷின் மூன்றையும் ஒரே சாக்கில் போட்டு டிவிஎஸ் வண்டியில் கட்டிக்கொண்டு போவார்கள். பெட்ரோலும் செயின் எண்ணெயும் கயிற்றில் ஊறக் கூடாது. பேட்டரித் தண்ணீர் பட்ட கயிறு வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும், இழுத்தால் போய்விடும். பழைய வீட்டுப் பின்கட்டு அறையில் வைக்கிறீர்கள் என்றால் எலியை மறக்காதீர்கள். மூடியிட்ட பிளாஸ்டிக் வாளியில் போட்டுத் தூக்கித் தொங்கவிடுங்கள்.

இனி மெஷின். வீட்டு மரங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு வெட்டு ஓரடி குறுக்களவுக்குள் முடிந்துவிடும். 40 முதல் 50 சிசி, 16 அல்லது 18 இஞ்ச் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) உள்ள பின்கைப்பிடி மெஷின் அதற்குத் தாராளம். உதாரணத்துக்கு ஸ்டீல் (Stihl) கம்பெனியின் எம்எஸ் 250 என்பது 45.4 சிசி, பார், செயின் இல்லாமல் 4.6 கிலோ. ஹஸ்க்வர்னாவிலும் இதே அளவில் இருக்கிறது. நான் பிராண்டை வைத்துச் சண்டை போடுவதில்லை. ஒரு மணி நேரப் பயணத்துக்குள் செயின், அதைச் சுழற்றும் பல்சக்கரமான ஸ்புராக்கெட், கார்புரேட்டர் டயாபிரம் கிடைக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். பெயர் தெரியாத 58 சிசி, 22 இஞ்ச் மெஷின்கள் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றில் சில வருடக்கணக்கில் ஓடுவதும் உண்டு, ஆனால் செயின் பிரேக் சரியாகப் பிடிக்காத இரண்டை நானே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். மூன்றடிக்கு மேல் குறுக்களவுள்ள புளி, மருதத்தின் தூரை அறுக்க 70 சிசி மெஷின் வேண்டும்தான். வருடத்துக்கு நான்கு தடவை வருகிற அந்த வேலைக்கு வாடகைக்கு எடுங்கள்.

மேலே கொண்டுபோக மேல்கைப்பிடி மெஷின் வேண்டாமா என்று கேட்பீர்கள். அது மேலே பிடி உள்ள, மூன்று நான்கு கிலோ மெஷின். அதன் குணமே ஒரு கையால் அறுக்கத் தூண்டுவது. இன்னொரு கை கொம்பைப் பிடித்திருக்கும், அந்தக் கையில்தான் வெட்டு விழும். முதல் வருடம் மேலே கைரம்பத்தால் அறுங்கள். வளைந்த பல்லுள்ள 13 இஞ்ச் இழுப்பு ரம்பம் பச்சை வேம்பில் கைக்கனத்தை ஒரு நிமிடத்துக்குள் அறுக்கும். உறையோடு தொடையில் கட்டிக்கொள்ளலாம். பிறகு பணம் சேரும்போது பேட்டரி மெஷின் ஒன்றை யோசிக்கலாம். வளவுக்குள் புகை இல்லை, சத்தமும் குறைவு, மேலே நின்று கயிறு இழுத்துக் கிளப்பும் தொல்லையும் இல்லை. பொத்தானைத் தொட்டதும் ஓடிவிடும் என்பதால் ஒவ்வொரு நகர்வுக்கும் முன் பிரேக்கைப் போடும் பழக்கம் கைக்கு வந்த பிறகு வாங்குங்கள்.

மெஷின் பராமரிப்பில் எல்லாரும் எஞ்சினைத் துடைப்பார்கள், பல்லைப் பார்க்க மாட்டார்கள். கூரான செயின் தன் கனத்திலேயே மரத்துக்குள் இறங்கும், கீழே சீவலாக விழும். மாவு போல் தூள் விழுந்தாலோ, நீங்கள் அழுத்த வேண்டியிருந்தாலோ, வெட்டு ஒரு பக்கம் வளைந்து போனாலோ பல் மழுங்கிவிட்டது. அப்போதே நிறுத்தி அரம் போடுங்கள். பல்லின் அளவுக்கு ஏற்ற உருட்டு அரம் வேண்டும்: சின்ன மெஷினின் தாழ்ந்த 3/8 செயினுக்கு 4.0 மி.மீ., 0.325 செயினுக்கு 4.8, பெரிய 3/8 செயினுக்கு 5.2. (3/8, 0.325 என்பவை செயின் கண்ணிகளின் இடைவெளி, இஞ்சில்.) செயின் பெட்டியிலேயே எழுதியிருக்கும், தவறான அரம் பல்லைக் கொக்கியாக்கிவிடும் அல்லது முனையை மொட்டையாக்கிவிடும். ஒரு கட்டையில் பிளவு போட்டு அதில் பாரைச் செருகி நிறுத்துங்கள். பிரேக்கைப் போட்டு, பல்லின் உள்ளிருந்து வெளியே, 30 டிகிரி சாய்வில், ஒரே திசையில் தள்ளுங்கள். இழுக்கக் கூடாது. ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்று. ஏதாவது ஒரு பல் ஆணியில் பட்டுக் குட்டையாகியிருந்தால் மற்ற அத்தனையும் அதன் நீளத்துக்கு வர வேண்டும், இல்லையென்றால் வெட்டு கோணும்.

பல்லுக்கு முன்னால் சின்ன முண்டு ஒன்று நிற்கும். எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்று பல்லுக்கு அளவு சொல்வது அது. பல்லை அரம் போட்டுப் போட்டுத் தாழ்த்தியபின் முண்டு அப்படியே இருந்தால் கூர் இருந்தும் செயின் கடிக்காது. நான்கைந்து தடவைக்கு ஒரு முறை அளவுத் தகட்டை வைத்து, பட்டை அரத்தால் முண்டைப் பல்முனையை விட 0.65 மி.மீ. தாழ இறக்குங்கள். அவசரத்தில் அதிகம் இறக்கினால் மெஷின் உதைக்கும். பாரின் மூக்கில் மேல் கால்பகுதி மரத்தைத் தொட்டாலும் அதே உதைப்புத்தான் வரும், கண்ணிமைக்கும் முன் பார் முகத்தை நோக்கி வந்துவிடும். இடது கைக் கட்டைவிரல் முன்பிடியை முழுதாகச் சுற்றியிருப்பதும், செயின் பிரேக் சரியாக வேலை செய்வதும்தான் அப்போது காப்பாற்றும். தினமும் காலையில் பிரேக்கைச் சோதியுங்கள். ஐடிலில் செயின் நகர்ந்தால் அந்த மெஷினோடு ஏறாதீர்கள்.

நம் ஊருக்குச் செயினில் ஒரு யோசனை. சாலையோரப் புளியின் பட்டை முழுக்கச் செம்மண் புழுதி. வேம்பில் விளம்பரத் தகடு அடித்த ஆணி, பழைய வேலிக் கம்பி, ஊஞ்சல் கொக்கி எல்லாம் மரத்துக்குள் புதைந்திருக்கும். சதுர முனைப் பல் வேகமாக அறுக்கும், புழுதி பட்டதும் போய்விடும். முனை உருண்ட பல் கொஞ்சம் மெதுவானாலும் கூர் நிற்கும். அதையே வாங்குங்கள். பனை அறுக்கும்போது நார் ஸ்புராக்கெட் மூடிக்குள் சுற்றிக்கொள்ளும், அரை மணிக்கு ஒரு முறை மூடியைக் கழற்றிப் பிடுங்க வேண்டும். பனை செயினைத் தின்றுவிடும் என்று கூலியிலேயே சேர்த்துக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

செயினுக்குப் பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றும் பழக்கத்தை உங்களோடு நிறுத்திவிடுங்கள். அதில் இரும்புத் துகள் இருக்கிறது, ஆயில் பம்பை அடைக்கும், தோலுக்கும் நல்லதில்லை. செயின் ஆயில் கிடைக்காவிட்டால் புது எஞ்சின் ஆயில். ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்போது ஆயில் டேங்கும் ஏறக்குறையத் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை என்றால் பாரில் எண்ணெய்த் துளை அடைத்திருக்கிறது. பாரைக் கழற்றிக் காடியைச் சுரண்டி, ஓரப் பிசிறைப் பட்டை அரத்தால் எடுத்து, மேல் கீழாகத் திருப்பி மாட்டுங்கள். வேலை முடிந்ததும் செயினைச் சற்றுத் தளர்த்துங்கள், சூட்டில் நீண்டது ஆறியதும் சுருங்கிப் பாரையும் எஞ்சின் தண்டையும் இழுக்கும்.

பெட்ரோலில் இரண்டு ஸ்ட்ரோக் ஆயில் லிட்டருக்கு 20 மில்லி, அதாவது 50-க்கு 1. கண் அளவில் ஊற்றாதீர்கள். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் வருகிறது. அது காற்றின் ஈரத்தை இழுக்கும், டயாபிரத்தை விறைக்க வைக்கும். இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலந்து வைத்து, மெஷினைச் சும்மா வைப்பதற்கு முன் டேங்கைக் காலி செய்து தானாக நிற்கும் வரை ஓட விடுங்கள். ஏர் ஃபில்டரைத் தினம் தட்டித் துடையுங்கள். கார்புரேட்டர் திருகுகளை நீங்களாகத் திருப்ப வேண்டாம், பெட்ரோல் குறைந்து ஓடினால் பிஸ்டன் இறுகிவிடும்.

தலைக்கவசம் தாடைப் பட்டையோடு, வலைமுகமும் காதுமூடியும் உள்ளது. காலுக்குச் செயின் தடுப்புக் கால்சட்டை. சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்வது கடினம், எனக்குத் தெரியும். காலை ஐந்தரைக்கு ஆரம்பித்துப் பத்தரைக்கு நிறுத்துங்கள், ஆனால் போடாமல் இருக்காதீர்கள். உள்ளே அடுக்கியிருக்கும் நார் செயினில் சிக்கிச் சக்கரத்தை நிறுத்திவிடும்.

காலில் கட்டும் இரும்பு முள், விழப்போகும் மரத்துக்கு மட்டும். நிற்கப் போகும் மரத்தில் அது ஒவ்வொரு அடியிலும் புண் வைக்கும். தென்னையில் அந்தப் புண் ஆயுளுக்கும் மூடாது. தென்னை, பனைக்குக் கால் மாற்றி ஏறும் செம்பேரிக் கருவி இருக்கிறது, கிளையில்லாத நேர்மரத்துக்கு மட்டும் அது ஆகும். எதில் ஏறினாலும் கீழே ஒருவர் இருக்க வேண்டும், அவருக்கும் ஏறத் தெரிந்திருக்க வேண்டும். மேலே மயங்கித் தொங்குகிறவருக்கு நிமிடங்கள்தான் உண்டு. 108 வரும் வரை அவர் தொங்கக் கூடாது, நீங்களே இறக்கியாக வேண்டும். தாழ்வான மரத்தில் இதை முன்கூட்டியே ஒத்திகை பாருங்கள்.

ஆச்சி வீட்டுப் புளிக்கு வருகிறேன். தனியாக எடுக்காதீர்கள். ஒரு மீட்டர் நீளம், ஓரடிக் குறுக்களவுள்ள பச்சைப் புளித்துண்டு 70 கிலோவுக்கு மேல். கயிறு இறுகும் முன் அது ஒரு மீட்டர் விழுந்துவிட்டால் கயிற்றிலும் கவையிலும் விழும் இழுப்பு அதன் கனத்தைப் போல் பல மடங்கு. கப்பியை வெட்டுக்கு மேலே, வலுவான கவையில் கட்ட வேண்டும். கீழே தூரில் மூன்று சுற்றுச் சுற்றி விடுகிறவர் கையில் பழக்கம் இருக்க வேண்டும். அடிவெட்டு முதலில் போடாமல் மேலிருந்து அறுத்தால் கொம்பு பட்டையோடு கிழிந்து தூர் வரை வரும். இவையெல்லாம் ஒரு மாதத்தில் வருகிற கைப்பழக்கம் இல்லை. ஆச்சியிடம் உள்ளதைச் சொல்லுங்கள்: இந்த மழைக்கு நுனிப் பாரத்தை மட்டும் குறைத்து, பெரிய கொம்பைத் தை மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று. நுனி கழிப்பதற்கும் ஏறப் பழகிய ஒருவர் மேலே இருக்க வேண்டும், நீங்கள் நால்வரும் கீழே கயிறு பிடியுங்கள். வீட்டுக்கு வரும் மின்கம்பி அந்தக் கொம்பை ஒட்டிப் போகிறது என்றால் மின்வாரியத்தில் சொல்லி இணைப்பை நிறுத்திய பிறகுதான் ஏணி சாத்த வேண்டும். மரத்தில் கதண்டுக்கூடு (பெரிய குளவிக்கூடு) இருக்கிறதா என்று மத்தியான வெயிலில் தள்ளி நின்று பாருங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் அந்தப் பக்கம் வருகிறேன். ஒரு கோடாரி எடுத்து வையுங்கள், தூரைச் சுற்றித் தட்டிப் பார்க்க வேண்டும். எங்காவது பொள்ளல் சத்தம் கேட்டால் அந்த மரத்தில் யாரும் ஏற வேண்டாம், வேறு வழி யோசிப்போம்.